துப்பாக்கியைத் தின்னும் துரு! நாற்றம் இல்லாத மருந்து எது?

துப்பாக்கிக்கும் ஓர் எதிரி உண்டு.

அந்த எதிரி சுடமாட்டான். சத்தம் போடமாட்டான். இருட்டில், மூடிய பெட்டிக்குள், யாருக்கும் தெரியாமல் வேலை செய்வான்.

அவன் பெயர், துரு!

அமெரிக்காவில் 10 பேரில் ஏறத்தாழ 4 பேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வசிக்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குறி பார்த்துச் சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஒருநாளும் வெளியே எடுக்காத துப்பாக்கிகளும் அந்த நாட்டில் ஏராளம். அப்பா வேட்டைக்குக் கொண்டுபோனது, தாத்தா வாங்கி வைத்தது என்று அவற்றைப் போற்றி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பாட்டியின் காசுமாலை இருப்பது போல, அங்கே தாத்தாவின் துப்பாக்கி!

அதை எங்கே வைப்பது? பெரும்பாலும் துணி பீரோவில். அல்லது படுக்கை அறை மூலையில், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில்.

அங்கேதான் தகராறு.

இரும்புக்கு எண்ணெய் தடவ வேண்டும். தடவாவிட்டால் துரு பிடிக்கும். தடவினாலோ, பீரோவைத் திறக்கும்போதெல்லாம் குப்பென்று நாற்றம் அடிக்கும். கம்பளிக் கோட்டில் மண்ணெண்ணெய் வாடை. தலையணை உறையிலும் அதே வாடை. பக்கத்தில் கைக்குழந்தை தூங்குகிறது.

"இந்தச் சனியனைக் கொண்டுபோய் வெளியே வையுங்கள்!" என்று வீட்டுக்காரி சொல்லாமல் இருப்பாளா?

வெளியே, கார் கொட்டகையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கொட்டகையில் பகலில் வெயில் காய்கிறது. இரவில் பனி இறங்குகிறது. இரும்பு வியர்க்கிறது. திருடர் பயம் வேறு. இரண்டு மழைக்காலம் போனதும் எடுத்துப் பார்த்தால், தாத்தாவின் துப்பாக்கியில் அம்மைத் தழும்பு விழுந்திருக்கிறது! அந்தப் பள்ளங்களை எந்த எண்ணெயும் நிரப்பாது.

ஆகவே, நாற்றம் என்பது மூக்கு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் அல்ல. துப்பாக்கி எந்த இடத்தில் இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்வதே அதுதான்.

துரு எப்படி வருகிறது?

அரிவாள்மனையைக் கழுவி, துடைக்காமல் வைத்தால் என்ன ஆகிறது? காலையில் செம்பொட்டுகள் தெரியும். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் கூடினால் துரு பிறந்துவிடும்.

துப்பாக்கியை யாரும் தண்ணீரில் கழுவி வைப்பதில்லையே, பிறகு ஏன் துரு?

காற்றில் இருக்கும் ஈரமே போதும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தண்ணீர்ப் படலம் இரும்பின் மேல் உட்கார்ந்துவிடும். இங்கிலாந்தில் வெர்னன் என்ற விஞ்ஞானி 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை ஆராய்ந்தார். நகரத்துப் புகை கலந்த காற்றில், ஈரம் நூற்றுக்கு 60 என்ற அளவைத் தாண்டியதும் துரு திடீரென்று வேகம் எடுப்பதை அவர் கண்டார். அதற்குக் கீழே இருந்தால், துரு ஆமை வேகத்தில்தான் நகர்கிறது.

இன்னொரு காரணம், மனிதனின் கை! வியர்வையில் உப்பு இருக்கிறது. கைவிரல் பட்ட இடத்தில் அந்த உப்பு தங்கிவிடும். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சில வாரங்களில் அதே இடத்தில், ரேகையோடு, துருவினால் கைநாட்டு வைத்தது போலத் தெரியும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கிக் குழலில் அழகாக மின்னும் நீலக் கறுப்பு நிறமும் ஒரு வகைத் துருதான்! பட்டறையில் இரும்பைப் பக்குவம் செய்து வேண்டுமென்றே ஏற்றும் கறுப்புத் துரு அது. சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். கறுப்புத் துரு இரும்போடு ஒட்டிக்கொண்டு எண்ணெயைப் பிடித்து வைக்கும். ஆனால் எண்ணெய் காய்ந்துவிட்டால் அதனால் தனியாகக் காவல் காக்க முடியாது.

ராணுவத்தின் களிம்பு

துப்பாக்கியை ஆண்டுக்கணக்கில் காப்பது எப்படி என்று முதலில் கவலைப்பட்டது ராணுவம்தான். போர் முடிந்துவிட்டால் லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு வேலை இல்லை. அடுத்த போர் எப்போது வரும் என்றும் தெரியாது.

அமெரிக்க ராணுவம் கண்ட வழி, காஸ்மோலின்.

பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் பழுப்பு நிறக் களிம்பு இது. சூடாக்கினால் உருகும். துப்பாக்கியை அதில் முக்கி எடுத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி ஆணி அடித்துவிடுவார்கள். கடற்கரைப் பீரங்கிப் படையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், தங்களையே "காஸ்மோலின்காரர்கள்" என்று கேலியாகச் சொல்லிக்கொண்டார்கள். பீரங்கிக்குக் களிம்பு பூசுவதும், பூசிய களிம்பை எடுப்பதுமே அவர்களுக்குப் பொழுது போக்கு!

ரஷ்யாவும் இதே போன்ற களிம்பைத்தான் நம்பியது. இரண்டாவது உலகப் போரில் ரஷ்யச் சிப்பாய்கள் தூக்கிச் சென்றது, மோசின்-நாகாண்ட் துப்பாக்கி. 1891-ல் வந்த பழைய மாதிரி. போருக்குப் பிறகு அவற்றைப் பழுது பார்த்து, களிம்பை அப்பி, கிடங்கில் போட்டார்கள். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. கிடங்குத் துப்பாக்கிகள் விலைக்கு வந்தன. அமெரிக்கர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள்.

பெட்டியைத் திறந்தார்கள். சுமார் அரை நூற்றாண்டு தூங்கிய துப்பாக்கி. களிம்பைத் துடைத்தால் உள்ளே பளபள!

துரு இல்லை. ஆனால் நாற்றம்?

அது ஒரு தனிக் கதை. களிம்பு ஆறி, இறுகி, சந்து பொந்தெல்லாம் அடைத்திருக்கும். கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவுவார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் காயப் போடுவார்கள். எண்ணெய்க் கரைசலில் ஊறப்போட்டுத் தேய்ப்பார்கள். இரும்பு சுத்தம் ஆகிவிடும். மரக்கட்டை ஆகாது! மரத்துக்குள் இறங்கிய களிம்பு லேசில் போகாது. அந்தத் துப்பாக்கியால் சுட்டுக் குழல் சூடானால், கட்டையில் இருந்து பழுப்பு முத்துகள் கசியும். ஆண்டுகள் ஆனாலும் கசியும். "என் துப்பாக்கிக்கு வியர்க்கிறது" என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

காஸ்மோலின் கெட்டிக்காரக் காவல்காரன். சந்தேகம் இல்லை. ஆனால் அது கிடங்குக்கு உரியது. வீட்டுக்கு உரியது அல்ல.

வாடை போகும், காவல் நிற்கும்

கடையில் விற்கும் துருத் தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குள் இரண்டு சரக்கு இருக்கும்.

ஒன்று, தண்ணீர் போல ஓடும் கரைசல். மற்றது, அதில் கரைந்திருக்கும் எண்ணெய், மெழுகு அல்லது கொழுப்பு.

கரைசலின் வேலை, மெழுகையோ எண்ணெயையோ சந்து பொந்துகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சேர்த்தவுடன் ஆவியாகிப் போய்விடும். மாப்பிள்ளையை மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போகும் வாடகைக் கார் மாதிரி!

மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் அந்தக் காரின் புகைதான். மாப்பிள்ளைக்கு அவ்வளவு வாடை கிடையாது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "நாற்றம் காரமாக இருந்தால் மருந்தும் காரமாக இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எது பறந்து போகிறதோ அதுதான் நாறுகிறது. எது தங்குகிறதோ அதுதான் காக்கிறது.

டபிள்யூ.டி.-40 என்ற நீல டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1953-ல் கலிபோர்னியாவில், சான் டியாகோ நகரில் பிறந்த சரக்கு இது. பெயரின் பொருளே, "தண்ணீரை விரட்டுவது, 40-வது முயற்சி" என்பதுதான். அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவில் இருந்து காக்க அதைப் பயன்படுத்தினார்கள். 1958-ல் கடைக்கு வந்தது. மழையில் நனைந்த துப்பாக்கியில் இருந்து தண்ணீரை வெளியேற்ற இது நல்ல சரக்கு. ஆனால் இதில் பெரும் பகுதி ஆவியாகிப் போகும் கரைசல். மிஞ்சுவது மெல்லிய படலம். அதை அடித்துவிட்டு 5 ஆண்டு பெட்டியில் பூட்டி வைத்தால் ஏமாற்றம்தான். குற்றம் டப்பாவின் மேல் இல்லை. அதன் வேலை வேறு.

எதை வாங்குவது?

வாடையே இல்லாதது வேண்டும் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது, தையல் மிஷின் எண்ணெய் போன்ற சுத்தமான வெள்ளை எண்ணெய். விலை மலிவு. நாற்றம் இல்லை. ஆனால் ஒரு குறை. நிறுத்தி வைத்த துப்பாக்கியில் மெல்ல மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் தடவ வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவருக்கு இதுவே போதும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? ஆலிவ் எண்ணெய் தடவலாமா? தடவவே கூடாது! சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். அப்பளம் பொரித்த எண்ணெய், சட்டியின் விளிம்பில் பிசின் போலக் காய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியின் விசைக்குள் அந்தப் பிசின் படிந்தால் விசை நகராது. காறல் நாற்றமும் சேரும்.

வாசலைன்? இதுவும் காஸ்மோலின் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் குளித்து முழுகிய பிள்ளை! சுத்திகரிப்பதால் நாற்றம் இல்லை. மெல்லியதாகத் தடவினால் நன்றாகவே காக்கும். கோடை வெப்பத்தில் இளகிவிடும், தூசியை இழுக்கும் என்பவைதான் குறைகள்.

செம்மறி ஆட்டின் உடலில் சுரக்கும் கம்பளிக் கொழுப்பும் நல்ல மருந்து. லானோலின் என்பார்கள். மழையில் நனைந்தாலும் ஆட்டின் ரோமத்துக்குள் தண்ணீர் எளிதில் இறங்காமல் தடுப்பது அதுதான். கப்பல்களில் துருவைத் தடுக்கவும் அதைப் பூசுகிறார்கள். மண்ணெண்ணெய் நாற்றம் கிடையாது. ஆனால் லேசாக ஆட்டு வாடை வரும்! சிலருக்கு ஆகும். சிலருக்கு ஆகாது.

ஜெர்மனியின் பாலிஸ்டால் எண்ணெய்க்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்தது. இரும்பு, மரம், தோல் மூன்றுக்கும் ஒன்றே போதும் என்பது அதன் பெருமை. அதற்கென்று ஒரு தனி வாசனை உண்டு. "அப்பா ஞாபகம் வருகிறது" என்று அதை முகர்ந்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். "ஐயோ, ஜன்னலைத் திற!" என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வாசனை என்றால் ஜப்பானியரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பரம்பரை வாளுக்கு அவர்கள் தடவும் எண்ணெய்க்கு "சோஜி" என்று பெயர். அதில் கிராம்புத் தைலம் கலந்திருக்கும். உறையில் இருந்து வாளை உருவினால் பூஜை அறை போல மணக்கும்! குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுவார்கள். அந்தப் பராமரிப்புதான் வாளைக் காப்பாற்றுகிறது. கிராம்பு அல்ல.

இவை எல்லாவற்றையும்விட, நாற்றத்துக்குப் பயப்படும் குடும்பத்துக்கு ஏற்றது, மெழுகு.

அருங்காட்சியகத்தின் ரகசியம்

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் ஒரு மெழுகைக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த வெர்னர் என்ற விஞ்ஞானி அதில் ஈடுபட்டார்.

அதுவரை பழம்பொருட்களுக்குத் தேன்மெழுகு போன்றவற்றைத்தான் பூசினார்கள். அவற்றில் நாளடைவில் அமிலம் உண்டாகும். காப்பாற்ற வந்ததே கெடுக்க ஆரம்பித்துவிடும்! ஆகவே, பெட்ரோலியத்தில் இருந்து எடுத்த நுண்ணிய மெழுகைக் கொண்டு புதிய மெழுகு செய்தார்கள். "ரினைசான்ஸ் மெழுகு" என்ற பெயரில் அது விற்பனை ஆகிறது. பழைய வாள், கவசம், துப்பாக்கி என்று பலவற்றுக்கும் உலகத்து அருங்காட்சியகங்கள் அதைப் பூசுகின்றன.

டப்பாவைத் திறக்கும்போது பெயிண்ட் கடை வாடை வரும். அது கரைசலின் வாடை. பூசிக் கொஞ்ச நேரம் ஆனதும் அது பறந்துவிடும். மிஞ்சுவது காய்ந்த மெழுகுப் படலம். கையில் ஒட்டாது. துணியில் கறை படாது. வாடையும் இல்லை.

மெழுகுக்கும் குறை உண்டு. துணியால் தேய்க்க முடிந்த இடத்துக்குத்தான் அது போகும். விசைக்குள்ளும் குழலுக்குள்ளும் போகாது. அங்கே வாடை இல்லாத எண்ணெயைத்தான் மெல்லியதாக விட வேண்டும். வெளியே மெழுகு, உள்ளே எண்ணெய் என்பதுதான் பொருத்தமான ஜோடி.

டப்பாவின் மேல் "உப்புத் தண்ணீரில் இத்தனை மணி நேரம் துருப் பிடிக்காது" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 35 டிகிரி வெப்பத்தில், உப்புத் தண்ணீரைப் பனி போலத் தெளித்து நடத்தும் சோதனை அது. படுக்கை அறையில் யாரும் உப்புத் தண்ணீர் தெளிப்பதில்லை. அந்தக் கணக்கை மட்டும் பார்த்து, நாற்றம் பிடித்த சரக்கை வாங்கி வர வேண்டியதில்லை.

பூசும் முறை

முதல் வேலை, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்வது. ஒரு தடவை பார்த்தால் போதாது. இரண்டு தடவை பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

பிறகு பழைய அழுக்கு, பழைய எண்ணெய், கைரேகை எல்லாவற்றையும் துடைத்து எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் மெழுகு பூசினால், திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிய கதைதான். துடைத்த பிறகு வெறுங்கை படக்கூடாது. கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையை வீட்டுக்குள் செய்யாமல், காற்றோட்டமான தாழ்வாரத்தில் செய்வது நல்லது. அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் கூடாது. கரைசல் தீப்பிடிக்கக்கூடியது. பூசி முடித்த துப்பாக்கியை, ஆள் பார்வையில், ஒருநாள் காற்றாட விட்டுப் பிறகு பூட்டி வைக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே பெட்டிக்குள் வைப்பதால்தான் பாதி வீடுகளில் நாற்றம்! பறக்க வேண்டிய கரைசல் பெட்டிக்குள் அடைபட்டுத் துணிகளில் ஏறிவிடுகிறது. மருந்தை மாற்றாமலே, ஒருநாள் பொறுத்தால் வாடை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எண்ணெய் அதிகம் வேண்டாம். பளபளவென்று வழிந்தால் அது மரக்கட்டைக்குள் இறங்கும். எண்ணெய் குடித்த மரம் மெத்தென்று ஆகி, உறுதி இழந்துவிடும். இதற்காகவே பழைய வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாக, குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தார்கள். நல்ல பழக்கம். குழல் வாய்க்கு அடியில் ஒரு துணி மெத்தை வைத்தால் போதும்.

உறையே எதிரி

தோல் உறைக்குள் வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது பெரிய தவறு. தோலைப் பதப்படுத்தும் உப்பும் அமிலமும் அதிலேயே தங்கி இருக்கும். தோல் ஈரத்தையும் இழுக்கும். உறைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த கைத்துப்பாக்கியில், தோல் பட்ட பக்கம் மட்டும் துருவேறி இருப்பதைப் பார்க்கலாம். பஞ்சு மெத்தை வைத்த பெட்டியும் அப்படித்தான். பஞ்சு ஈரத்தைக் குடித்து, துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அவை பயணத்துக்கு. நீண்ட நாள் வைப்பதற்கு அல்ல.

பெட்டிக்குள் ஈரம் நூற்றுக்கு 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. அளந்து பார்க்கச் சின்னக் கருவி விற்கிறது. ஈரம் அதிகம் என்றால் சிலிக்கா மணிகளை ஒரு டப்பாவில் வைக்கலாம். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் மணிகளும் கிடைக்கின்றன. அடுப்பில் இளஞ்சூடாக வறுத்தால் மீண்டும் வேலை செய்யும். அதற்காக ஈரத்தை ஒரேயடியாக வற்ற வைத்துவிடக்கூடாது. மரக்கட்டை வெடித்துவிடும்!

ஆவியாலேயே காக்கும் காகிதமும் உண்டு. 1940-களில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சியில் பிரபலமான முறை இது. காகிதத்தில் ஏற்றிய ரசாயனம் மெல்ல ஆவியாகி, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். பறந்து போவது காக்காது என்று சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. வாடை மிகக் குறைவு. ஆனால் மூடிய பெட்டியில்தான் பலிக்கும். அடிக்கடி திறந்தால் ஆவி போய்விடும்.

மறந்தால் ஆபத்து

நீண்ட நாள் தூங்கிய துப்பாக்கியை அப்படியே எடுத்துச் சுடக்கூடாது. குழலுக்குள் களிம்பு அடைத்திருந்தால், குண்டு போக வழி இல்லாமல் அழுத்தம் ஏறும். குழலே வெடிக்கலாம். சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம். குழலைக் கம்பியில் சுற்றிய துணியால் துடைத்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

தோட்டாவுக்கும் எண்ணெய் தடவுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். எண்ணெய் உள்ளே ஊறினால், அடியில் இருக்கும் தீப்பொறி மருந்து செத்துவிடும். தோட்டாவை உலர்ந்த டப்பாவில், தனியாக, தனிப் பூட்டில் வைப்பதே முறை.

விபரம் தெரிந்தவர்கள், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும்போது அதன் விசையில் ஒரு சீட்டைக் கட்டிவிடுகிறார்கள். எந்தத் தேதியில் பூசியது, உள்ளே எந்த எண்ணெய், வெளியே எந்த மெழுகு என்று அதில் எழுதியிருக்கும். கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதுகிறார்கள்: "குழலைத் துடைக்காமல் சுடாதே!"

முதல் மாதம் முடிந்ததும் ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியால் குழலைத் தடவிப் பார்க்கிறார்கள். துணி வெள்ளையாகவே வந்தால் திரும்பவும் பூட்டிவிடுகிறார்கள். செந்நிறம் தெரிந்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை வேலை தயார்!